தூணைச் சுற்றிய வட்டம்

செல்லுக்குள் நடப்பதையெல்லாம் துப்பறியும் என் மாமாவுக்கு, பள்ளி அரங்கத் தூணில் மாட்டிக்கொண்ட மருமகள் பணிவுடன் எழுதுவது. இங்கே மூவரும் நலம், ஆனால் சேர்ந்தே நலம். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். என் வலது மணிக்கட்டோடு அக்காவின் மணிக்கட்டும் சேர்ந்து எழுதுகிறது.

போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள்? மரபணுவைப் பார்த்து எடுத்த நீளமான ஆர்.என்.ஏ. பிரதியில், செல் இடையிலுள்ள வேண்டாத துண்டுகளை வெட்டியெறிந்து வேண்டியதை வரிசையாக ஒட்டும், சில சமயம் இரு பக்கமும் உள்ள வேண்டாத துண்டுகள் ஒன்றையொன்று பிடித்திழுக்க, பின்னால் இருக்கும் வேண்டிய துண்டின் வால் முன்னால் இருக்கும் வேண்டிய துண்டின் தலையில் ஒட்டி வட்டமாகிவிடும் என்று. அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் ஆராய்ச்சி ஞாபகம் வரவில்லை மாமா, எங்கள் வகுப்புத் தலைவன்தான் ஞாபகம் வந்தான். அறிவியல் கண்காட்சி நாடகத்தில் ஐந்து வேண்டிய துண்டுகளாக ஐந்து பேர் நிற்கிறோம், முதல் துண்டு அவன். "தலை இல்லாம எதுவும் ஓடாது"ன்னு ஒரு வாரமா அலட்டல். வட்டம் போட்டால் முதல் ஆளும் கடைசி ஆளும் கழன்றுவிடுவார்களே! எங்களுக்கு இடையே வேண்டாத துண்டுகளாகத் தொங்கும் நாலு திரைகளில், நான் யாரிடமும் சொல்லாமல் முதல் திரையிலும் கடைசித் திரையிலும் ஒட்டுப்பட்டை தைத்துவிட்டேன். கையோடு கை கோக்க, தலைவனுடைய அப்பாவின் சைக்கிள் கடையிலிருந்து நம்பர் பூட்டுகள். திறந்தே கொடுத்தான், நம்பரை நானும் கேட்கவில்லை. மூன்றாவது துண்டுக்குக் காய்ச்சல் வந்துவிட, என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த அக்காவை இழுத்து நிறுத்தினேன்.

நாடகம் பிரமாதம் மாமா. திரைகள் ஒட்டின, இரண்டாவது நானும் நாலாவதாக நின்ற என் நீளக்கால் தோழியும் நெருங்கினோம், பூட்டு டக்கென்று விழுந்தது, தலைவன் வெளியே! ஆர்.என்.ஏ.வை அரித்துத் தின்னும் நொதியாக வந்த அறிவியல் டீச்சர், நுனியிலிருந்துதானே தின்ன முடியும், வெளியே நின்ற தலைவனையும் கடைசி ஆளையும் காகிதக் கத்தரியால் தின்றுவிட்டு எங்களை மூன்று சுற்று சுற்றினார். "நுனியே இல்லையேடி, உங்கள எங்கேந்து தின்றது?" ஒரே கைதட்டல். அப்புறம்தான் பார்த்தோம், எங்கள் வட்டத்துக்கு நடுவில் தூண்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. "ஒரு மணி நேரத்துல எனக்கு டிரைவிங் டெஸ்ட். இந்தத் தூணையும் பின் சீட்டுல வச்சு ஓட்டவா?" ஏற்கெனவே இரண்டு முறை ஃபெயில், இன்றைக்குப் பாஸானால்தான் திங்கட்கிழமை வேலையில் சேர முடியும். கேலி தலைவனுக்கு, அடி அக்காவுக்கு என்று ஆகிவிட்டது மாமா. தலைவனோ மூலையில் உட்கார்ந்துகொண்டு, "தலைதான் வேணாம்னு கழட்டி விட்டீங்களே, இப்ப நம்பர் மட்டும் எதுக்கு?" என்கிறான். மன்னிப்புக் கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கண் வேறு கலங்கியிருக்கிறது, அதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது. அவன் மதிக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். எங்கள் போன்களெல்லாம் அலுவலக அலமாரியில், அதனால் இதைக் கடைசித் துண்டிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆய்வகம் அடுத்த தெருதானே, ஓடி வந்து நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு, உங்கள் செல்களுக்கு என் விசாரிப்பு. அம்மாவிடம் மட்டும் மூச்சு விட வேண்டாம்.

இப்படிக்கு,
இரண்டாம் துண்டு

பி.கு.: தலைவன் மனசு இறங்கிவிட்டான். அக்காவை அவிழ்த்துவிட்டான், அவள் டெஸ்ட்டுக்குப் பறந்துவிட்டாள். தலைவன் அதோடு நிற்காமல், "எனக்கும் வட்டத்துல நிக்கணும்னு ஆசை இருக்காதா?" என்று அக்கா இடத்தில் தன் மணிக்கட்டை மாட்டிக்கொண்டான். அவன் திறந்தபோது நம்பரைப் பார்த்துவிட்ட நான் மறுபடி கழற்றிவிடக் கூடாதாம், அதற்காக மூன்று பூட்டிலும் நம்பரை மாற்றினான். மாற்றிய நம்பர் இப்போது அவனுக்கே ஞாபகமில்லை. ஆகவே நல்ல வார்த்தை வேண்டாம் மாமா, இரும்பு வெட்டும் கத்தரி கொண்டு வாருங்கள்.