முக்காலியில் உட்கார்ந்த டாக்டர்

நோயாளியிடமே வைத்தியம் கேட்ட டாக்டர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரும் எங்கள் தென்காசியில்தான் இருந்தார். ஊரில் அவருக்குக் கேள்வி டாக்டர் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் நான் அவரிடம் கம்பவுண்டர். மருந்து கலக்குவது என் வேலை. நோயாளிகளைத் திட்டுவதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் திட்டமாட்டார், யாராவது திட்டத்தானே வேண்டும்?

தன் சுழல் நாற்காலியில் நோயாளியை உட்காரவைத்துவிட்டு, அவர் முக்காலியில் உட்காருவார். ஒருநாள் கடையநல்லூர் நெசவாளர் ஒருவர் நாற்காலியில் இருந்தபோது, உள்ளே வந்த ஆள் அவரிடம் நாக்கை நீட்டிவிட்டார். நெசவாளரும் உற்றுப் பார்த்து, "வெள்ளையால்லா இருக்கு" என்றார். டாக்டருக்குக் கோபமே வரவில்லை. "என்ன செய்யலாம்னு நினைக்கிய?" என்று நெசவாளரையே கேட்டார்.

சர்க்கரை வியாதியோடு வந்த செங்கோட்டை மிளகு வியாபாரி ஒருவர் கத்தியே விட்டார். "இனிப்பத் திங்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லுமய்யா! அதுக்குத்தான ரயிலேறி வந்திருக்கேன்!"

"சொன்னா விட்டுருவியளா?"

வியாபாரி யோசித்தார். "வீட்டுல தெனமும் சொல்லுதா. விடலையே" என்றார்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் மாடசாமி அண்ணாச்சி நொண்டிக்கொண்டு வந்தார். குற்றாலம் பேரருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். நாளெல்லாம் ஈரப்பாறையில் நின்று செய்கிற வேலை. வலது கால் சுண்டுவிரல் கறுத்திருந்தது. பீடி ரத்தக்குழாயை அடைக்கிறது, விடாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"காலு வேணுமா, பீடி வேணுமாவே?" என்று நான் பாய்ந்தேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ."

டாக்டர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "பீடி குடிச்சா என்ன சொகம் அண்ணாச்சி? தெரியாமத்தான் கேக்கேன்."

அப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை போலிருக்கிறது. தோளில் போட்ட துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சீசன்ல மூச்சுவிட நேரம் கெடையாதுய்யா. பீடியப் பத்த வச்சா மட்டும் ஒருத்தனும் கூப்பிட மாட்டான். குடிச்சு முடிக்கட்டும்னு நிப்பாவ. அப்பம்தான் உக்காருவேன்."

"அப்போ பீடி, உக்காருததுக்கு."

மாடசாமி தன் காலைப் பார்த்தார். "காலு போச்சுன்னா பெறவு உக்காந்தேதான் கெடக்கணும். நான் நிக்கணும்யா. பாறையில நின்னாத்தான் வீட்டுல உலை கொதிக்கும்."

"நிக்கணும்" என்றார் டாக்டர். அவ்வளவுதான். எனக்கு நாக்குத் துடித்தது, என்னைக் கையமர்த்திவிட்டார்.

கடைசியில் மாடசாமியே ஒரு வழி சொன்னார். "ஒரு கடுங்காப்பிய வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்தாலும் எவனும் கூப்பிட மாட்டான்தான். விட்டுப் பாக்கேன்யா."

விட்டார். சீசன் தொடங்கும் முன்னால் துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து மறுபடி பற்றவைத்துவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "எல்லாம் போச்சுய்யா."

நல்ல வசவாக நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, டாக்டர் முக்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இத்தன நாளு எப்படி விட்டிய? அதச் சொல்லுங்க."

மாடசாமி அழுதுகொண்டே சொன்னார். காலையில் பட்ட பாடு, கடுங்காப்பிக் கடையில் நண்பர்கள் சிரித்தது. சொல்லி முடித்தபோது மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சுண்டுவிரல் போய்விட்டது. கால் தப்பியது. அடுத்த சீசனில், சாரலில், மாடசாமி அதே பாறையில் நின்றுகொண்டு டாக்டர் தலையில் எண்ணெயை வைத்து அரக்கித் தேய்த்தார். கதையைக் கேள்விப்பட்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர், "இவர்தான் உம்ம காலைக் காப்பாத்தின டாக்டரா?" என்று கேட்டார்.

"இவுகளா? இவுக ஒண்ணுமே சொல்லலையே. நான்தான் விட்டேன்" என்றார் மாடசாமி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எண்ணெய் வழிய, கண்ணை மூடிக்கொண்டு டாக்டர் சிரித்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. எதைத் தின்னக்கூடாது என்று சொல்லாத ஆள் கிடையாது. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வருகிறேன். பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு, "இனிப்புல அப்படி என்னவே சொகம்?" என்று கேட்கத்தான் அவர் இல்லை.