வழிகாட்டிக்கு வழி காட்டுகிறவர்

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பல இனங்கள் உண்டு. எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு எதையும் பார்க்காமல் திரும்புகிற இனம் ஒன்று. இறங்கிய நிமிடத்திலிருந்து கழிப்பறை எங்கே என்று விசாரிக்கிற இனம் ஒன்று. "எங்க ஊர்ல இதைவிடப் பெரிசா ஒண்ணு இருக்கு" என்று சொல்லிச் சொல்லியே நடக்கிற இனம் ஒன்று. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நாம் இங்கே பார்க்கப்போவது வேறொரு பிராணி. தனக்கே தனக்கென்று ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்த கணத்திலிருந்து அந்த வழிகாட்டிக்கு வழி காட்டுகிறவர்.

கூட்டத்தோடு போகும் சுற்றுலாவுக்கு இவர் வரமாட்டார். ஏன் வரவேண்டும்? இருபது பேர் இருந்தால் வழிகாட்டி தப்பித்துக்கொள்வார். தனியாக அகப்பட்டால்தானே முழுசாகச் சொல்லிக்கொடுக்க முடியும்!

இவரை அடையாளம் காண்பது சுலபம். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து, கொடுக்கப்படும் சைக்கிளின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, இருக்கையின் உயரத்தைத் தன் சொந்தப் பையிலிருந்து எடுத்த ஸ்பேனரால் திருத்தி, பக்கத்தில் நிற்பவரின் இருக்கையையும் அவர் கேட்காமலே திருத்தி, எங்கள் நாட்டு சைக்கிள் பாதைச் சந்திப்புகளுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்த எண்களை வரிசையாக எழுதிய சீட்டைக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவர் யாரோ, அவர்தான். இரண்டு மணி நேரம் ஊருக்குள்ளேயே சுற்றுவதற்கு எதற்கய்யா சந்திப்பு எண்? கேட்டுவிடாதீர்கள். பதில் இருக்கிறது. நீளமான பதில்.

இவர் கேள்வி கேட்பதும் தெரிந்துகொள்ள அல்ல. "இந்தத் தேவாலயம் எந்த வருஷம் கட்டினது?" என்பார். வழிகாட்டி வருடத்தைச் சொல்வார். இவர் கண்ணை மூடி, பரீட்சைத் தாள் திருத்துகிறவரைப் போல ஒரு நொடி யோசித்து, "கிட்டத்தட்ட" என்பார். சரியான பதிலுக்கு இவரிடம் கிடைக்கக்கூடிய உச்சபட்ச மதிப்பெண் அதுதான்.

இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒன்று சென்ற மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் லைடன் நகருக்கு வந்து சேர்ந்தது. பெயர் லாம்பர்ட். ஊர் அமர்ஸ்ஃபோர்ட். உடன் அவருடைய மனைவி ஹெஸ்டர். எதிரே, இரண்டு கைகளிலும் இரண்டு சைக்கிள்களைப் பிடித்தபடி, வழிகாட்டி வீட்ஸ்கே. ஏழு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவள். மழை, காற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தவள். லாம்பர்ட்டைத்தான் அதுவரை பார்த்ததில்லை.

அவர் குனிந்து தன் சைக்கிளின் சங்கிலியை மோந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் (எண்ணெயின் தரத்தை வாசனையிலேயே சொல்லிவிடுவாராம்) ஹெஸ்டர் வழிகாட்டியை வாடகை சைக்கிள் கடையின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என் மெயில் வந்துச்சில்ல?"

"வந்துச்சுக்கா. பன்னிரண்டு மணிக்கு படகு கிளப் வாசல்ல இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்னு சொல்லாதம்மா. உள்ள இருபத்தாறு பேர் ஒளிஞ்சிருக்காங்க. அவருக்கு வர்ற செவ்வாய்க்கிழமை அம்பது முடியுது. அன்னிக்கு வச்சா கண்டுபிடிச்சிடுவார்னு மூணு நாள் முன்னாடியே வச்சிருக்கேன். மூணு மாசமா ஏற்பாடு. நான் கூப்பிட்டா ஏன், எதுக்கு, எந்த வழின்னு கேட்டே மோப்பம் பிடிச்சிடுவார். அதான் உன்னை வச்சேன்."

"கவலைப்படாதீங்கக்கா. ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதானே என் வேலை."

ஹெஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்தினாலு வருஷம் ஆச்சு கல்யாணமாகி. நான் என்ன சொன்னாலும் 'தெரியும்'. பரிசைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே 'தெரியும்'. நான் கர்ப்பம்னு சொன்னப்போகூட 'தெரியும்'னார்மா! ஒரே ஒரு தடவை, தெரியாம முழிக்கிற அந்த மூஞ்சியை நான் பார்க்கணும். பார்த்துட்டா போதும்."

சொல்லும்போது அவள் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. வீட்ஸ்கேவுக்கு மனசு இளகிவிட்டது. இந்த அக்காவுக்காக அந்த மனிதரைத் தோளில் தூக்கிக்கொண்டாவது போய்விடுவது என்று தீர்மானித்தாள். பாவம், அவளுக்கு இனத்தின் குணம் தெரியாது.

பத்து மணிக்குப் புறப்பட்டார்கள். பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு லாம்பர்ட் முன்னால் போய்விட்டார். வழிகாட்டி முன்னால் போக வேண்டும், மற்றவர்கள் பின்னால் வர வேண்டும் என்பதுதான் உலக வழக்கம். ஆனால் வழியை அறிந்தவர் பின்னால் வந்தால் அவருடைய அறிவு வழிகாட்டியின் முதுகில் அல்லவா வீணாகும்? ஆகவே அவர் முன்னால் மிதித்தார், திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசினார், மணியடித்தார், வாத்துக்களை விரட்டினார், வலதுபக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முன்னுரிமை என்கிற சட்டத்தை ஒரு ரொட்டி வண்டிக்காரருக்குச் சந்திப்பின் நட்டநடுவில் நின்று விளக்கினார். ரொட்டி வண்டிக்காரரும் பதிலுக்கு ஏதோ விளக்கினார். அதை அச்சில் போட முடியாது.

சந்தை வந்தது. ஹெர்ரிங் மீனை வாலைப் பிடித்து வாய்க்குள் இறக்கும் முறையை லாம்பர்ட் மீன் விற்கிறவளுக்கே சொல்லிக்கொடுத்தார். அவள் அப்பா, தாத்தா எல்லாரும் அதே இடத்தில் மீன் விற்றவர்கள்.

"தலையை இன்னும் கொஞ்சம் பின்னால சாய்க்கணும்" என்றார்.

"சாய்ச்சு சாய்ச்சுதான் சார் எங்க தாத்தாவுக்கு கழுத்து சுளுக்குச்சு" என்றாள் அவள், கத்தியைத் துடைத்துக்கொண்டே.

காற்றாலை வந்தது. அங்கேதான் விபத்து. வீட்ஸ்கே அதன் வரலாற்றை நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். லாம்பர்ட் "கிட்டத்தட்ட" என்று ஆரம்பித்தார். இறக்கைகள் எந்தக் கோணத்தில் நின்றால் என்ன சேதி, துக்கத்துக்கு எப்படி, கல்யாணத்துக்கு எப்படி, ஆலைக்காரர் மூக்கைச் சிந்தப் போயிருந்தால் எப்படி என்று அவர் இரண்டு கைகளையும் விரித்து, தானே ஒரு காற்றாலையாகி நின்று காட்டினார். வீட்ஸ்கே அதுவரை பொறுமைக்குப் பெயர் வாங்கியவள். தேவாலயத்து மணி பதினொன்றரை அடித்தபோது அவளுக்கு இடது கண் துடிக்க ஆரம்பித்தது.

ஹெஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வீட்ஸ்கேயைப் பார்த்தாள். பிறகு மறுபடி கடிகாரத்தை.

"சார், இப்ப வலதுபக்கம் போலாம்" என்றாள் வீட்ஸ்கே. படகு கிளப் வலதுபக்கம், எட்டு நிமிடத் தூரம்.

"வலதா? அது சுத்து வழிம்மா. இடதுதான் குறுக்கு" என்று சொல்லிக்கொண்டே இடதுபக்கம் போய்விட்டார் லாம்பர்ட். தான் எங்கே போகிறோம் என்றே தெரியாத ஒருவருக்கு அங்கே போவதற்கான குறுக்கு வழி தெரிந்திருந்தது. வேறு எந்தப் பிராணியால் இது முடியும்?

குறுக்கு வழியில் ஒரு தூக்குப் பாலம். அவர்கள் போன நேரம் பார்த்து அது தூக்கிக்கொண்டது. அடியில் ஒரு படகு, சாமான் ஏற்றிக்கொண்டு, ஆடி அசைந்து போயிற்று. பாலத்தை ஏன் தூக்குகிறார்கள் என்று லாம்பர்ட் விளக்கினார். படகு போவதற்காகத்தான். ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஆறு நிமிடம் பிடித்தது. பாலம் இறங்கிய பிறகும் அவர் பாலக்காரரின் கூண்டருகே போய் நின்று, நெம்புகோலை இன்னும் மெதுவாக விட வேண்டும் என்று ஆலோசனை சொன்னார். பின்னால் நாற்பது சைக்கிள் மணிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

"வாழ்த்துறாங்க" என்றார் லாம்பர்ட்.

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. ஹெஸ்டரின் முகம் விழுந்துவிட்டது. அவள் மெல்லப் பக்கத்தில் வந்து, "விடும்மா. போன் பண்ணிச் சொல்லிடறேன். இவர்கிட்டயும் சொல்லிடறேன். 'தெரியும்'பார். அவ்வளவுதானே. பழக்கம்தானே" என்றாள். கைப்பையைத் திறந்து போனைத் தேடினாள்.

வீட்ஸ்கேவுக்குக் கோபம் வந்தது. ஏழு வருடத் தொழில், ஒரு மனிதரை எட்டு நிமிடத் தூரம் நகர்த்த முடியவில்லை! வெறுப்பில் அவள் கத்திவிட்டாள்:

"சரி சார்! நீங்க சொன்னதுதான் சரி! வலதுபக்கம் போகவே முடியாது! அங்க சைக்கிள் விடமாட்டாங்க!"

லாம்பர்ட்டின் சைக்கிள் கிறீச்சிட்டு நின்றது.

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க சார்."

"எல்லாரும் சொன்னா? இங்க பாரும்மா. எந்த ரோட்டுல சைக்கிள் விடுவாங்க, எதுல விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். வா, காட்டறேன்!"

சைக்கிள் வலதுபக்கம் திரும்பியது. ஹெஸ்டர் போனைப் பைக்குள் போட்டாள். வீட்ஸ்கே ஒரு கணம் அசையாமல் நின்றாள். ஏழு வருடமாக உண்மையைச் சொல்லியே கெட்டுப்போயிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. இந்த இனத்தை இழுத்துக்கொண்டு போக முடியாது, தள்ளிக்கொண்டும் போக முடியாது. தப்பாகச் சொல்ல வேண்டும். அது தானே ஓடும்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க ஆள் இல்லை.

"சார், இந்தச் சின்னப் பாலத்துக்கு அந்தப் பக்கம் முட்டுச்சந்து."

"முட்டுச்சந்தா? ஏறு!"

"இந்த வாய்க்கால் ஓரமா போனா திரும்பக் கிளம்பின கடைக்கே வந்துடுவோம்."

"உனக்கு யார்மா உத்தியோகம் கொடுத்தாங்க? என் பின்னாடி வா!"

"அந்தத் திருப்பத்துக்கு அப்புறம் படகு கிளப்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்க சார். புரளி."

"புரளியா! அதையும் காட்டறேன்!"

ஒன்பது நிமிடத்தில் பதினோரு பொய். வழுக்கைத் தலையில் வியர்வை மின்ன, லாம்பர்ட் அவளுக்குப் பாடம் புகட்டப் பறந்தார். ஹெஸ்டர் பின்னால் மிதித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது அவர்கள் படகு கிளப் வாசலில் நின்றார்கள். கதவு சாத்தியிருந்தது, திரைகள் மூடியிருந்தன. வாசலில், ஆளுயரத்தில், வைக்கோல் அடைத்த பொம்மை ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

வீட்ஸ்கேவுக்குப் பகீரென்றது. பொம்மையை உள்ளே ஒளித்துவைக்க அந்த இருபத்தாறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! காரியம் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று லாம்பர்ட்டின் குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். எங்கள் நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட அது என்னவென்று தெரியும்.

"தெரியாது சார்" என்றாள். பன்னிரண்டாவது பொய்.

"இது ஆபிரகாம். பைபிள்ல வர்ற கிழவர். நம்ம ஆளுங்கள்ல ஒருத்தனுக்கு அம்பது வயசு ஆச்சுன்னா, அவன் ஆபிரகாமைப் பார்த்துட்டான்னு கணக்கு. அதுக்கு அடையாளமா வாசல்ல இப்படிப் பொம்மை வைப்பாங்க. ஆக, இங்க எவனுக்கோ அம்பது."

"அப்படியா சார்!"

"ஆனா செஞ்ச விதம் சரியில்ல." அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு பொம்மையைச் சுற்றி வந்தார். "தொப்பையைப் பாரு. இவ்வளவு வைக்கோலா அடைப்பாங்க? தலையில ஒத்த முடி இல்ல. மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திவிட்டிருக்காங்க." தன் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். "விரலைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பாரேன்! ஊருக்கே புத்தி சொல்ற ஆசாமி போல. இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியும். யாரையும் ஒரு வார்த்தை பேச விடமாட்டானுங்க." தன் ஆள்காட்டி விரலை வானத்தை நோக்கித் தூக்கினார். "பாவம், இவன் பெண்டாட்டி!"

திரை குலுங்கியது. உள்ளே யாரோ, லாம்பர்ட்டின் சொந்தத் தம்பிதான், சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் வெடித்துவிட்டார். கதவு திறந்தது. இருபத்தாறு பேரும் பாடிக்கொண்டே வெளியே கொட்டினார்கள். கையில் கேக்கோடு மகள், கொடியோடு மாமியார், அலுவலகத்துச் சகாக்கள், அடுத்த வீட்டுக்காரர்.

லாம்பர்ட் விரலைத் தூக்கியபடியே நின்றார். பொம்மையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி பொம்மையைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வீட்ஸ்கே மனசுக்குள் எண்ணினாள்: முழுசாக எட்டு நொடி. அந்த எட்டு நொடியும் ஹெஸ்டர் வேறெங்கும் பார்க்கவில்லை, கேக்கைப் பார்க்கவில்லை, தன் மகளைக்கூடப் பார்க்கவில்லை. அந்த முகத்தை மட்டும் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, கல்யாணத்தன்று நின்ற மாதிரி நின்றாள்.

ஒன்பதாவது நொடியில் லாம்பர்ட்டின் வாய் மூடித் திறந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"கிட்டத்தட்ட" என்றாள் ஹெஸ்டர்.

எங்கள் வழக்கப்படி எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். மகளுக்கு வாழ்த்து, மாமியாருக்கு வாழ்த்து, அடுத்த வீட்டுக்காரருக்கும் வாழ்த்து. வழிகாட்டிக்குக்கூடப் பதினாறு பேர் கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். பதினேழாவதாக லாம்பர்ட் வந்தார். கையைக் குலுக்கினார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்ல பொண்ணுதான்மா நீ. ஆனா ஊருக்குள்ள வழி மட்டும் கொஞ்சம் கத்துக்கோ. இன்னிக்கு நான் இருந்ததால தப்பிச்சே."

"கத்துக்கிறேன் சார்" என்றாள் வீட்ஸ்கே.

இவ்வளவு நேரம் பொறுமையாக வாசித்தீர்கள், சந்தோஷம். லாம்பர்ட் விரலைத் தூக்கியபோதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். மைத்துனரோ, மேலதிகாரியோ, மாடி வீட்டுக்காரரோ. "அச்சு அசல் அவன்தான்!" என்று சிரித்திருப்பீர்கள். நடுவே ஓரிரு இடத்தில், ஆபிரகாம் விஷயத்திலோ காற்றாலை விஷயத்திலோ, "இது முழுக்கச் சரியில்லையே" என்றும் ஒரு கணம் தோன்றியிருக்கும். அதனால் என்ன, தோன்றட்டும். ஒரே ஒரு யோசனை சொல்கிறேன். இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு இதை வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது நடுநடுவே தலையை நிமிர்த்தி, யார் யாரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொள்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.