லிப்டில் இருப்பது யார்?

எங்கள் அலுவலகத்தின் ஆங்கிலத்தைச் செம்மைப்படுத்துவது என்று மேலிடம் முடிவெடுத்தது. மற்றதெல்லாம் செம்மையாகி முடிந்துவிட்டது போலும்! முதல் கட்டமாக, ஆளைக் குறிப்பிடாமல் ஆளைச் சொல்லும் நான்கு சொற்கள். சம்படி என்றால் யாரோ, எனிபடி என்றால் யாராவது, எவ்ரிபடி என்றால் எல்லாரும், நோபடி என்றால் யாருமில்லை. இவற்றில் பிழையுள்ள எந்தக் காகிதமும் மேசையை விட்டு நகரக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. பிழை பார்க்க ஒரு மொழி ஆலோசகரையும் நியமித்து, அன்று மதியமே பொறுப்பேற்கச் சொல்லிவிட்டார்கள்.

அவர் படியேறி வந்த நேரத்தில் நான் லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிர்த் தெருப் பதிவு அலுவலகத்தில் நாலு மணிக்கு என் மகளுக்குக் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து அப்பாதான் போடணும் என்று ஒரே பிடிவாதம் பிடித்திருந்தாள். அதற்கென்றே புதுப் பேனா வாங்கிச் சட்டைப் பையில் குத்தியிருந்தேன். முதல் மாடிக்கு வந்ததும் லிப்ட் நின்றது, கதவு திறக்கவில்லை. கைபேசியை மேசையிலேயே வைத்துத் தொலைத்திருந்தேன்.

கதவை ஓங்கித் தட்டினேன். வெளியே ஆள் சேர்ந்தது.

"மெக்கானிக்குக் கடிதம் எழுதணும்," என்றது மேலாளர் குரல். "லிப்டுல நம்ம தட்டச்சர் மாட்டிக்கிட்டார்னு எழுதிடுவோம்."

"கண்ணால பாத்தீங்களா?" இது புதுக் குரல். ஆலோசகர்தான்.

"குரல் கேக்குதே சார். பதினோரு வருஷமாக் கேக்குற குரல்."

"பாக்காத ஆளுக்குப் பேர் போடக் கூடாது. சம்படின்னு போடுங்க."

"என்ன கண்றாவியையாவது எழுதுங்க சார்! மணி மூணே கால்!" என்று நான் கத்தினேன்.

"சம்படி இப்படிக் குறுக்கே பேசக் கூடாது," என்றார் ஆலோசகர்.

மேலாளர் மசிந்துவிட்டார். "சரி, தட்டச்சரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லுங்க."

"அவர் சீட்டுல இல்லைங்க," என்றார் பியூன்.

"வேலை நேரத்துல எங்க போய்த் தொலைஞ்சார்?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அப்போதுதான் தலைமை எழுத்தர் ஓடி வந்தார். "சார், தப்பாயிடும்! மூணு மணி அறிக்கையில எவ்ரிபடி அவரவர் இருக்கையில்னு மேலிடத்துக்கு அனுப்பியாச்சு."

"அப்ப லிப்டுல இருக்கிறது?"

"எவ்ரிபடி சீட்டுல இருந்தா லிப்டுல நோபடிதான்," என்றார் ஆலோசகர். "யாருமில்லாத லிப்டுக்கு அவசரமா மெக்கானிக் எதுக்கு?"

"ஐயா, நான் இருக்கேன்யா!"

"எனக்கும் கேக்குது," என்றார் மேலாளர், நிஜமான வருத்தத்தோடு. "அனுப்பின அறிக்கையை நான் திருத்த முடியுமா? அனுமதி வர வியாழக்கிழமை ஆயிடும்."

எல்லாரும் கலைந்து போனார்கள். ஆலோசகர், முதல் நாளே ஒரு பெரும் பிழையைத் தடுத்த திருப்தியில், சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

கடைசியில் கதவைத் திறந்தது துப்புரவு அம்மாதான். அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேராத ஒரே ஆள். லிப்ட் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான் இருக்குமாம், கேட்பாரில்லை. "ஏன் சார், இங்கயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?" என்றார். மணி நாலு பத்து.

தலைதெறிக்க ஓடினேன். பதிவு அலுவலக வாசலில் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை தடவை போன் பண்றது? எவ்ரிபடி சீட்டுலதான் இருக்காங்கன்னு உங்க மேலாளர் சத்தியம் பண்றார். பெத்த பொண்ணு கல்யாணத்தைவிட அப்படி என்ன சீட்டு?"

மகள் கண் சிவந்திருந்தது. "நாலு மணிக்கு மேல காத்திருக்க மாட்டோம்னுட்டாங்கப்பா. குறையுற ஒரு சாட்சிக்கு யாராவது ஒருத்தர் போதுமாம். தெருவுல போனவரைக் கூப்பிட்டுக்கிட்டோம்."

பெற்றவன் போட வேண்டிய கையெழுத்தை வழிப்போக்கன் போட்டுவிட்டான். யாரென்று பார்த்தேன். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர், மாப்பிள்ளை கொடுத்த ஜூஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"பொண்ணோட அப்பா வரவே இல்லையாம்," என்று என்னிடமே வருத்தப்பட்டார். "பொறுப்பில்லாத மனுஷன். நல்லவேளை, நான் இந்தப் பக்கம் வந்தேன்."

குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லிப்ட் கதவுக்கு வெளியே கேட்ட அதே ஆலோசகர் குரல்.

"ஆமா, நீங்க யாரு?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நோபடி சார்."

"பிரயோகம் ரொம்பச் சரி!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.