ஆண்டவர் விட்ட அறை

"பன்னெண்டு பேருல ஏழு பேருதான இருக்கீக? மத்ததுக எங்கன?" என்றார் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் இன்னாசி.

கோவிலுக்குள் ஏழு பிள்ளைகளும் திருதிருவென்று விழித்தன. பவுனுதான் வாயைத் திறந்தாள்.

"ஆண்டவரு அறையிற அறையில கண்ணுல பொறி பறக்கும்னு நேத்துச் சொன்னீகளே. பயந்துக்கிட்டு வரல."

சொன்னது உண்மைதான். மேற்றிராணியாரை, அதாவது பிஷப்பை, ஊரில் ஆண்டவர் என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்குக்கு அவர் வருவதே எட்டு வருசத்துக்கு ஒரு தடவை. வந்தால் பிள்ளைகளுக்கு நெற்றியில் தைலம் பூசி, கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டி உறுதிப்பூசுதல் கொடுப்பார். விசுவாசத்துக்காக எதையும் தாங்குவேன் என்பதற்கு அந்தத் தட்டு அடையாளம். போன தடவை பூசிக்கொண்டவர்கள் அடுத்த மாதமே ஏலத்தோட்டத்துக்கு மலையேறிப் போனார்கள். செபமாலையை ஆணியில் மாட்டியதோடு சரி. இன்னாசிக்கு அது ஆறாத வருத்தம். இவர்களாவது கடைசிவரை நிற்கட்டும் என்றுதான் முந்தின நாள் தன் கதையை எடுத்துவிட்டார்.

"அப்ப எனக்கு அஞ்சு வயசு. ஆண்டவரு விட்டாரு பாரு ஒரு அறை! அந்த அறையிலதேன் நாப்பது வருசமா ஒரு பூசை தப்பாம நிக்கிறேன்."

மனிதர் சும்மா இருந்திருக்கலாம். வாய் யாரை விட்டது?

இப்போது பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று, "வலிக்காதுடா, இந்தா பாரு" என்று சின்னப்பனின் கன்னத்தில் தட்டிக் காட்டினார். அவனுக்குக் கடைவாயில் சொத்தைப்பல். அவன் போட்ட கூச்சலில் அவன் அப்பன் களத்திலிருந்து ஓடி வந்துவிட்டான்.

"நீரே இந்த அடி அடிச்சா, ஆண்டவரு எம்புட்டு அடிப்பாரு? எம் புள்ளைக்கு உறுதியும் வேணாம், பூசுதலும் வேணாம்!"

சின்னப்பனோடு அவன் சித்தப்பா பிள்ளைகள் இரண்டும் போயின. மிச்சம் நாலு.

இன்னாசி வீடு வீடாக ஏறி இறங்கினார். "அறையெல்லாம் இல்ல தாயி. சும்மா தடவிக் குடுக்கிறதுதேன்."

"அப்ப மொதல்ல சொன்னது பொய்யி. பொய் சொல்றவருகிட்ட எம் புள்ளைக வேதம் படிக்க வேணாம்" என்று ஒரு தாய் தன் மூன்று பிள்ளைகளையும் நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆண்டவர் மோட்டார் காரில் வந்து இறங்கியபோது, பீடத்தின் முன்னால் பவுனு ஒருத்திதான் நின்றாள். ஆண்டவர் பங்குச் சாமியாரைப் பார்த்தார். சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் தரையைப் பார்த்தார்.

பவுனு பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஆண்டவரின் இரண்டு விரல்கள் கன்னத்தில் பட்டும் படாமலும் பட்டன.

"அம்புட்டுத்தானா!" என்றான் மற்ற பிள்ளைகளோடு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த சின்னப்பன்.

பதினொரு பிள்ளைகளும் வீட்டுக்கு ஓடி, முகம் கழுவி, சட்டை மாட்டி வருவதற்குள் கார் கூடலூர்ப் பாதையில் போய்விட்டது. கோவில் படியில் இன்னாசி தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"கெடுத்துட்டேனே! இனி எட்டு வருசம். அதுக்குள்ள இதுக எந்த மலையில, எந்தத் தோட்டத்துல கெடக்குமோ!" கண் கலங்கிவிட்டது.

பவுனு பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்திலும் தெளிவில்லை.

"உபதேசியாரே, எனக்குப் பொறியே பறக்கலயே. இது நாப்பது வருசத்துக்குத் தாங்குமா?"

இன்னாசி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆண்டவரைப் பார்க்கக் கோம்பையிலிருந்து வந்திருந்த தன் அக்கா அன்னத்தாயை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீயே சொல்லுக்கா. அன்னைக்கு நீதான என்னயக் கோவிலுக்குத் தூக்கிட்டு வந்த? அந்த ஆண்டவரு எப்பிடி அறைஞ்சாரு!"

"ஏலே, அவுக எங்க உன்னயத் தொட்டாக?" என்றாள் அன்னத்தாய். "அவுக தாடியப் பாத்து நீ ஊரக் கூட்டிக் கத்துனன்னு, நாந்தேன் ஒரு அறை விட்டுப் பாதியிலயே வெளிய தூக்கியாந்தேன், உனக்கு இன்னும் உறுதிப்பூசுதலே ஆகல!"