சேர்த்து வைத்த இரண்டு ரிப்பேர்

ஒரு பொருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அது எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது நம் வழக்கம். அது எப்போது நிற்கும் என்று பார்ப்பதற்கென்றே பிறந்த ஓர் இனமும் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சித்தப்பாவாகவோ, சகலையாகவோ, வேலை செய்கிற இடத்தில் பக்கத்து நாற்காலியாகவோ ஒருவர் உங்கள் கண்ணில் பட்டிருப்பார். நாம் பார்க்கப்போகிறவரைத் தெருவில் வாரண்டிக்காரர் என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பட்டம் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

அவருக்கு பார்சல் ஆபீசில் வேலை. பெட்டிகளை எடை போட்டு, ‘உடையும் பொருள், கவனம்’ என்ற சிவப்புச் சீட்டை ஒட்டுவார். இருபத்தாறு வருடமாக நாளைக்கு இருநூறு சீட்டு ஒட்டுகிற மனிதருக்கு உலகம் எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள். பெற்ற மகன் தவழ்ந்தபோது அவன் முதுகிலும் ஒன்றை ஒட்டிப் பார்த்தார் என்பாள் அவருடைய கொழுந்தியாள். அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள், பாதியை நம்பலாம்.

ரத்தத்திலும் இருக்கிறது. இவருடைய அப்பா டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை போட்டு, உறை அழுக்காகிவிடுமே என்று அதற்கு மேல் இன்னோர் உறை போட்டவர். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் சத்தம் மட்டும் கூடும். அப்பாவின் ஒரே தங்கை, சோபாவோடு கடையிலிருந்து வந்த பாலித்தீனைப் பதினோரு வருடம் கழற்றாதவர். விருந்தாளி உட்கார்ந்தால் சறுக்குவார், எழுந்தால் ஒட்டிக்கொள்வார். அந்த அத்தையின் மூத்த மகன் கார் வாங்கி, மழை பெய்கிற நாளெல்லாம் பஸ்ஸில் போனவர். ஆனால் பாவம், அவர்களெல்லாம் தங்கள் சொந்த முயற்சியில் பயந்தவர்கள். பயப்படுவதற்கு மாதச் சந்தா என்ற ஒன்று நம்மவர் காலத்தில்தான் வந்தது.

அது வந்த கதையைக் கேளுங்கள். புது போன் வாங்கக் கடைக்குப் போனார். விலை பேசி முடிந்தது, பை கைக்கு வந்தது. அப்போது கடைப்பெண் மெதுவாக, யாருக்கோ உடம்பு சரியில்லை என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

“சார், கையிலேருந்து நழுவிட்டா?”

“நழுவாதும்மா. கெட்டியாப் பிடிப்பேன்.”

“தண்ணி பட்டா?”

“படாது.”

“பட்டா, சார்?”

அந்த இரண்டாவது ‘பட்டா’வில் விழுந்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவேயில்லை. மாதாமாதம் ஒரு சின்னத் தொகை. தானாகவே வங்கிக் கணக்கிலிருந்து போய்விடும். வருடத்துக்கு இரண்டு ரிப்பேர் இலவசம். போனுக்கு முதலில் எடுத்தார். பிறகு டிவிக்கு, துணி துவைக்கிற மிஷினுக்கு, மிக்சிக்கு, முடி வெட்டுகிற கருவிக்கு. அவர் தலையில் முடி எவ்வளவு என்று கேட்காதீர்கள். அந்த டிவியைப் போன வருடமே அக்கா மகன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். டிவி அங்கே ஓடுகிறது. பாதுகாப்பு இங்கே ஓடுகிறது. நிறுத்த வேண்டியதுதானே என்றால், “அவன் என்னைக்காவது திருப்பிக் கொண்டாந்துட்டா?” என்பார். ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி ‘உங்கள் பாதுகாப்பு தொடர்கிறது’ என்று செய்தி வரும். அன்றைக்கு ஒரு நாள் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

காதில் செருகுகிற பாட்டுக்கருவிக்கும் திட்டம் வைத்திருந்தார். அதில் ஒன்று பஸ்ஸில் தொலைந்துபோனது. கம்பெனிக்கு உரிமையோடு போன் போட்டார்.

“தொலைஞ்சா கிடையாது சார். உடைஞ்சாதான் மாத்தித் தருவோம். உடைஞ்சதைக் கொண்டு வாங்க.”

“அதாம்மா தொலைஞ்சுபோச்சே.”

“கிடைச்சதும் கொண்டு வாங்க சார்.”

கிடைத்தால் எதற்குக் கொண்டுபோக வேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. நாலு நாள் பஸ் டிப்போவுக்கு நடந்தார், கிடைத்ததும் உடைப்பதற்கு.

இதுவரை சொன்னது வெறும் பழக்கம். இந்த இனத்தின் அசல் அடையாளம் வேறு. இவ்வளவு திட்டம் இருந்தும் இவர் ஒரு ரிப்பேரைக்கூடச் செலவு பண்ணியதில்லை! போன் கண்ணாடியில் ஓரமாகக் கீறல் விழுந்து, மகன் முகம் படத்தில் இரண்டாகப் பிளந்து தெரிந்தது. “இதுக்குப் போய் ஒண்ணை விடுவாங்களா?” என்றார். துவைக்கிற மிஷின் ஆடிக்கொண்டே சுவரிலிருந்து கூடம்வரை நடந்து வந்தது. “நடக்குதுன்னா நல்லாத்தானே இருக்கு?” என்றார். வருடம் முடிந்ததும் பயன்படுத்தாத இரண்டும் காலாவதியாகி, புதிதாக இரண்டு வரும். அதைப் பிள்ளை பாஸான செய்தி மாதிரி மனைவியிடம் வந்து சொல்வார். பொருளைக் காப்பாற்றத் திட்டம் வாங்கிய மனிதர், பிறகு திட்டத்தைக் காப்பாற்றுவதற்காகப் பொருளை நொண்ட விட்டார்.

அப்படியானால் திட்டமே ஏமாற்றா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அவர் மனைவியின் தம்பி ஒருவன், வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவன். ஏணி மேல் நின்று போன் பேசுவான். இரண்டு வருடத்தில் ஐந்து போன். ஒன்று மாடியிலிருந்து, ஒன்று வாளிக்குள், மற்றவை எங்கே எப்படி என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. அவனைப்போன்றவனுக்காகவே யாரோ உட்கார்ந்து யோசித்து இந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அவனிடம் சொன்னால், “எனக்கு எதுக்கு அத்தான்? என் போன்தான் உடைஞ்சே இருக்கே!” என்பான். வேண்டியவன் வாங்க மாட்டான், வாங்குகிறவருக்கு வேண்டியிருக்காது. கம்பெனி நடப்பதே இந்த இருவருக்கும் நடுவில்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

வாரண்டிக்காரரின் மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவர். பக்கத்துக் கிளினிக்கின் நர்சுகளுக்குச் சீருடை தைக்கிற வேலைக்காக ஒன்பது மாதம் நடந்தார். கடைசியில் தலைமை நர்ஸ் சொன்னார்: “சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இருபத்திரண்டு செட்டும் வந்துட்டா வருஷம் பூரா உங்களுக்குத்தான். இல்லேன்னா முக்குக் கடைக்காரருக்குக் குடுத்துருவேன்.”

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில், எட்டு செட் முடிந்திருக்கும்போது, மோட்டார் தையல் மிஷின் உர்ரென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. அதற்கும் ஒன்றரை வருடமாகத் திட்டம் ஓடுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

“ஏங்க, மிஷின் நின்னுடுச்சு. கம்பெனிக்குப் போன் போடுங்க.”

“அவசரப்படாதே. கொஞ்ச நேரம் ஓய்வு குடு.”

“ஏன், அதுக்கென்ன காய்ச்சலா, படுத்து எழுந்தா சரியாப்போக?”

“ரெண்டே ரெண்டுதான் இருக்கு. வருஷம் முடிய இன்னும் ஆறு மாசம் கிடக்கு. இதுக்கு ஒண்ணை விட்டுட்டு, நாளைக்குப் பெருசா ஏதாவது வந்தா?”

“நின்னே போச்சு! இதுக்கு மேல பெருசா என்ன வரும்? எழுந்து வேற வீட்டுக்குப் போயிடுமா?”

அவர் ஆபீசுக்குப் போய் இருநூறு சீட்டு ஒட்டினார். மனைவி கையால் ஓரம் அடித்தார். கையால் அடித்தால் ஒரு நாளைக்கு ஒரு செட். பாக்கி பதினாலு செட். கணக்கு உங்களுக்கே தெரியும்.

புதன்கிழமை சாயங்காலம் பெயிண்டர் தம்பி வந்தான். அக்காவின் வீங்கின விரலைப் பார்த்தான். மூடிக் கிடந்த மிஷினைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டான்.

“அத்தான், அந்த ரெண்டு ரிப்பேரையும் என்ன பண்ணப் போறீங்க? உயில்ல எழுதி வைக்கப் போறீங்களா?”

“உனக்குத் தெரியாது மாப்ளே…”

“எனக்குத் தெரியாதுதான். அக்கா விரலுக்குத் தெரியும்.”

வாரண்டிக்காரர் போனை எடுத்தார். கம்பெனிப் பெண் ஆறு கேள்வி கேட்டாள், மூன்று தடவை பாட்டுப் போட்டாள், பிறகு சொன்னாள்: “மூணு வேலை நாள்ல ஆள் வருவார் சார். திங்கட்கிழமை.”

“சனிக்கிழமை வேணும்மா.”

“சனி, ஞாயிறு வேலை நாள் இல்லை சார். அதுவரைக்கும் வெளி ஆள் யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. திருகு மேல ஒட்டியிருக்கிற வெள்ளிச் சீட்டு கிழிஞ்சா திட்டம் ரத்து.”

வியாழக்கிழமை விடிந்ததும் மனைவி யாரையும் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற மிஷின் மெக்கானிக்கைக் கூட்டி வந்துவிட்டார். மெக்கானிக் பையை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்தார். வாரண்டிக்காரர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்து மிஷினுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“தொடாதீங்க! சீட்டு கிழிஞ்சா எல்லாம் போச்சு!”

மெக்கானிக் திருப்புளியோடு மனைவி முகத்தைப் பார்த்தார். மனைவி கணவர் முகத்தைப் பார்த்தார். நுரை ஒரு பக்கம் வழிந்துகொண்டிருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்களுக்கு அந்தச் சீட்டு பெருசா, நான் பெருசா?”

இந்த மாதிரிக் கேள்விக்கு யோசிக்கக் கூடாது. கல்யாணமான எவரும் யோசிக்க மாட்டார்.

அவர் யோசித்தார்.

அவ்வளவுதான். மனைவி தையல் பிரிக்கிற குட்டிக் கத்தியை எடுத்தார், அவருடைய கைக்கு அடியில் குனிந்து போனார், வெள்ளிச் சீட்டை நடுவில் ஒரே இழுப்பு. வாரண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. தெருவில் ஒரு பால் வண்டி போனது, வேறொன்றும் நடக்கவில்லை.

மெக்கானிக் மூடியைக் கழற்றி உள்ளேயிருந்து பூனைக்குட்டி அளவுக்கு ஓர் உருண்டையை எடுத்தார். நூலும் தூசியும். மோட்டாரைச் சுற்றிக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

“மாசம் ஒரு தடவை மூடியைத் திறந்து பிரஷ்ஷால தட்டி விட்டிருந்தா இது நின்னே இருக்காது சார்.”

“திறக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே?”

“அதான் நின்னுடுச்சு,” என்றார் மெக்கானிக். கிண்டலாகச் சொல்லவில்லை. வைத்தியர் நோயைச் சொல்வதுபோலச் சொன்னார். கூலி, திட்டத்துக்குக் கட்டுகிற மாதத் தொகையில் இரண்டு மாதத்தைக்கூட எட்டவில்லை.

மிஷின் ஓட ஆரம்பித்தது. வியாழனும் வெள்ளியும் அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை. வாரண்டிக்காரர் ஆபீசுக்கு லீவு போட்டார். கேள்விக்கு யோசித்த குற்றத்துக்கு எதையாவது செய்தாக வேண்டுமே! சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தார். ஒவ்வொரு பொத்தானையும் நாலு சுற்றுக்குப் பதில் எட்டுச் சுற்று சுற்றி, முடிச்சுப் போட்டு, மூன்று தடவை இழுத்துப் பார்த்து, நாலாவது தடவை சந்தேகத்துக்கு இழுத்துப் பார்த்து. மனைவி ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டே தைத்தார். இரண்டாவது தடவை டீ கேட்காமலே வந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு இருபத்திரண்டு செட்டும் கிளினிக் மேஜை மேல் இருந்தன. தலைமை நர்ஸ் ஒரு சட்டையை எடுத்து, பொத்தானைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். சட்டை வந்தது, மேஜை விரிப்பு வந்தது, பொத்தான் மட்டும் வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். “முக்குக் கடையில ஒரு சலவைக்கே உதிரும்,” என்று சொல்லி, ஒரு வருட வேலைக்கான தாளில் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்தார். கிழிந்த சீட்டைப் படம் எடுத்துக்கொண்டார். “திட்டம் ரத்து சார்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வாரண்டிக்காரர் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டார்.

“போனது போகட்டும். உங்க அக்கா மகன் வீட்டு டிவிக்குக் கட்டுறது, மிக்சிக்குக் கட்டுறது, அந்த முடி வெட்டுறதுக்குக் கட்டுறது, எல்லாத்தையும் இப்பவே என் கண்ணு முன்னால நிறுத்துங்க. ஆசைக்கு ஒண்ணு வச்சுக்கணும்னா என் தம்பி போனுக்குக் கட்டுங்க. அவனுக்குத்தான் லாயக்கு.”

வருடம் பூரா வேலை வாங்கி வந்தவர் பேச்சு. மறுபேச்சு உண்டா? அன்றே பெயிண்டர் தம்பியின் போனுக்குத் திட்டம் எடுத்துக் கொடுத்தார். பையன் எப்படியும் மாதத்துக்குள் ஒன்றைப் போட்டு உடைப்பான், வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த இலவச ரிப்பேர் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று அவருக்கு உள்ளூர ஓர் ஆசை.

ஒரு மாதம் போனது. மூன்று மாதம் போனது. உடைந்ததாகச் செய்தி இல்லை. பொறுக்க முடியாமல் அவன் பெயிண்ட் அடிக்கிற வீட்டுக்கே போய்விட்டார். ஏணி மேல் நின்றிருந்தான். கையில் போன் இல்லை.

“எங்கே மாப்ளே போன்?”

“வீட்டுல இருக்கு அத்தான். பீரோவுல, துணிக்கு நடுவுல.”

“ஏன், எடுத்துட்டு வரலாமே?”

தம்பி பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, விவரம் தெரியாதவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“என்ன அத்தான் நீங்க! வருஷத்துக்கு ரெண்டே ரெண்டுதான். எடுத்துட்டு வந்து விழுந்துச்சுன்னா ஒண்ணு போயிடுமே?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்ல விஷயம். ‘நமக்கு இந்த வியாதியெல்லாம் கிடையாதப்பா, ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் போனுக்கு மட்டும், அதுவும் ஒரு காரணமாத்தான்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வதும் கேட்கிறது.

இரண்டு பேரும் அந்த ஒன்றில்தான் ஆரம்பித்தார்கள்.