நான்காம் வினாவுக்கு என் விடை

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

வாய் மூடிக்கொண்டிருந்தது போதும். நலம் விசாரித்துத் தொடங்குவது முறை. உங்கள் நலத்தை உங்கள் அக்கா தினமும் விசாரித்து எனக்கும் அறிவித்துவிடுவதால் அதை விடுகிறேன். வயதில் சின்னவரானாலும் வகுப்பில் ஆசிரியர் என்பதால் 'நீங்கள்' போடுகிறேன்.

வேதியியலில் முதுகலை முடித்தவன், தலை நரைத்த பிறகு, மாலைக் கல்லூரியில் பிள்ளைகளோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து மறுபடி இளங்கலை படிப்பது யாரால்? சாப்பாட்டு மேசையில் நான் விலைவாசி என்று வாய் திறந்தபோதெல்லாம், "அத்தான், உங்களுக்கு எகனாமிக்ஸ் புரியாது, விடுங்க" என்று நீங்கள் சிரித்ததால். மற்றத் தாள்களெல்லாம் தேறிவிட்டேன். நீங்கள் நடத்தும் நுண்பொருளியல் மட்டும் இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. இந்த முறையும் போனால் பட்டமே கிடையாதாம்.

சமநோக்கு வளைகோடு நடத்தினீர்கள். ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளை இணைத்தால் ஒரு கோடு; கூடுதல் திருப்திக்கு மேலே இன்னொன்று; இரண்டும் ஒருபோதும் வெட்டிக்கொள்ளாது என்றீர்கள். என் வீட்டில் வெட்டிக்கொள்கிறதே என்று எழுந்தேன். இரண்டு கோப்பைத் தேநீர், ஒரு செய்தித்தாள்: சனிக்கிழமை சொர்க்கம். அதே தேநீர், அதே செய்தித்தாள், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து எதிரே உட்கார்ந்ததும் கசக்கிறது. ஒரே புள்ளி, இரண்டு திருப்தி; அப்புறம் கோடு வெட்டாமல் என்ன செய்யும்? நீங்கள் சாக்பீஸைக் கீழே வைத்தீர்கள். "அத்தான், பகுத்தறிவுள்ள நுகர்வோர்ங்கிற கணக்குலயே நீங்க வரமாட்டீங்க." முன்வரிசைப் பெண், "விட்டுடுங்க சார், அங்கிள் பாவம்" என்றாள். வகுப்பின் சிரிப்பைத் தாங்கினேன், அந்தப் 'பாவம்'தான் இன்னும் செரிக்கவில்லை. வீட்டில் சொன்னால், "தம்பி தப்பா என்ன சொல்லிட்டான்? குடை வாங்கப் போய் கடிகாரத்தோட வந்த ஆளுதானே நீங்க?" என்கிறாள் உங்கள் அக்கா.

ஆகவே நேற்றைய தேர்வில், 'இரு வளைகோடுகள் வெட்டிக்கொள்ளுமா?' என்ற நான்காம் வினாவுக்கு, வெட்டிக்கொள்ளும் என்றே எழுதினேன். படம் போட்டு, வெட்டும் புள்ளியில் 'மைத்துனர் வருகை' என்றும் குறித்தேன். தோற்றாலும் தலைகுனியமாட்டேன்.

எல்லா மகிழ்ச்சியும், ஞாயிறு உட்பட எல்லா நாளும், உங்களுக்கு உங்கள் வீட்டிலேயே கிடைக்கட்டும்.

பி.கு.: விடைத்தாளின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். வெட்டிக்கொள்ளாது என்று பாடநூல் சொல்லும் நிரூபணத்தை, எதற்கும் இருக்கட்டும் என்று, அங்கே எழுதியிருக்கிறேன். எதைத் திருத்துவது என்பது உங்கள் மனச்சாட்சி. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து கொஞ்சம் தெளிவாக இருக்கும். இதற்குக் கீழே பெயர் போட்டால் மதிப்பெண்ணுக்குக் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். அதனால் கையொப்பம் இல்லாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.