பீளமேட்டுச் சமாதானக்கா

கோயமுத்தூரில் மில் முதலாளியாக ஆசைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பம்ப்செட் கம்பெனி வைக்க ஆசைப்பட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் உலக சமாதானத்தைத் தன் சொந்த உத்தியோகமாக எடுத்துக்கொள்ளப் போவதாகக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே அறிவித்த ஒரே ஆள், பீளமேட்டு லேடீஸ் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த சமாதானக்காதான்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. வார்டன் அம்மாவைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஒரு நூல் வியாபாரியின் ஆபீசில் டைப்பிஸ்ட். அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஜினியர். உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த குடும்பம். பகலெல்லாம் மோட்டார்களைத் தண்ணீர்த் தொட்டியில் ஓடவிட்டுச் சோதித்துவிட்டு, கிரீஸ் வாசனையோடு அறைக்கு வருவாள். முகம் கழுவுவாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏதாவது ஒரு தேசத்தின் உள்நாட்டுப் போரைப் படிக்க ஆரம்பித்துவிடுவாள்.

நியூயார்க்கிலிருந்து நடக்கும் உலக சபை, சண்டை நின்ற நாடுகளுக்கு ஆட்களை அனுப்பும். நீலத்தொப்பி போட்ட சிப்பாய்கள் மட்டும் இல்லை. இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுகிறவர்கள், தேர்தல் நடத்துகிறவர்கள், அகதிகளைக் குடியமர்த்துகிறவர்கள் எல்லாரும் போவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அக்காவின் லட்சியம். கையில் இருந்த வேலையை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

"மோட்டாரெல்லாம் சும்மா சோத்துக்குங்க அம்மணி. நம்ம வேலை பேச்சுவார்த்தை" என்பாள்.

பேச்சுவார்த்தைக்குப் பயிற்சி வேண்டுமே. பக்கத்தில் போர் எதுவும் கிடைக்காததால் ஹாஸ்டலையே எடுத்துக்கொண்டாள். மாடி அறைக்காரிகளுக்கும் கீழ் அறைக்காரிகளுக்கும் வெந்நீர் விஷயமாக வெகுநாள் பகை. பாய்லர் ஒன்று, வாளிகள் பல. அக்கா இரண்டு தரப்பையும் எங்கள் அறைக்கு அழைத்து, எதிரெதிர்க் கட்டில்களில் உட்காரவைத்தாள். நடுவில் ஸ்டூல் போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள். யாரும் தன் குறையைச் சொல்லக் கூடாது, எதிராளியின் குறையைத்தான் தன் குறைபோல எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து அதை உள்வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் துணி துவைக்கிற நேரத்தில் இதை வைத்ததால் மௌனம் சரியாக அமையவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தபோது மாடியும் கீழும் ஒன்றாக எழுந்து, இனி இந்த அக்கா பக்கமே தலைவைக்கக் கூடாது என்று ஒருமனதாக முடிவெடுத்து, தோளோடு தோளாகச் சாப்பிடப் போனார்கள்.

அக்கா கொஞ்சமும் வாடவில்லை. "சண்டை நின்னுச்சா இல்லீங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அடுத்தது பிரெஞ்சு. அந்தச் சபையில் வேலைக்குப் போக இங்கிலீஷோடு அதுவும் தெரிந்திருந்தால் நல்லது என்று எங்கோ படித்துவிட்டாள். கேசட் வாங்கி வந்து டேப்ரிக்கார்டரில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பேசிப் பழக ஆள் வேண்டும் என்று எங்கள் சமையற்கார மணியக்காவைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் சமையலறை வாசலில் நின்று பிரெஞ்சு வணக்கமாக 'போன்ஜூர்' என்பாள். மணியக்கா அதைப் போண்டா ஜோர் என்று எடுத்துக்கொண்டு வெகுநாள் பூரித்துப்போயிருந்தார். போண்டா போடாத நாளிலும் அக்கா அதையே சொல்ல ஆரம்பித்ததும்தான், இந்தப் பிள்ளை நம்மைக் கேலி பண்ணுகிறது என்று வார்டனிடம் புகார் கொடுத்தார். அந்தச் சமாதானத்தை வார்டன் அம்மா தமிழிலேயே முடித்துவைத்தார்.

இதற்கெல்லாம் மேலே அந்தியூர். ஆடி மாதத்தில் அங்கே கூடும் குதிரைச் சந்தைக்கு என்னைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனாள். புழுதி, கூட்டம், வெயில், கூடாரம். நாளைக்கு வேலைக்குப் போகிற இடம் இப்படித்தான் இருக்கும், இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்றாள். போய் இறங்கி ஒரு கரும்பு ஜூஸ் குடிப்பதற்குள் அவளுக்கு ஒரு தகராறு அகப்பட்டுவிட்டது. குதிரையை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் வாக்குவாதம். குதிரை ஒரு காலைத் தாங்கி நடக்கிறது என்று வாங்கியவர் சொன்னார். அது அதன் நடையழகு என்று விற்றவர் சொன்னார். கை ஓங்கும் நேரத்தில் அக்கா உள்ளே புகுந்தாள்.

"ஏனுங், பேச்சு முடியற வரைக்கும் குதிரை ரெண்டு பேர்த்துகிட்டயும் இருக்க வேண்டாமுங்க. பொதுவா எங்கிட்ட இருக்கட்டும்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

பேண்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்து இப்படிச் சொன்னதில் இரண்டு பேரும் திகைத்துப்போனார்கள். கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் என்று நினைத்திருக்க வேண்டும். பேச்சை அக்காவுக்கு முன்னால் தொடர அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. டீக்கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வருவதாகச் சொன்னார்கள். போனவர்கள் அங்கே பேசிப் பேசி, இருவரும் ஒருவகையில் மாமன் மச்சான் முறை என்று கண்டுபிடித்து, அந்தச் சந்தோஷத்தில் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கே சாப்பிடப் போய்விட்டார்கள். நடுநிலையாளர் இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று அக்கா உச்சி வெயிலில் குதிரையோடு நின்றாள். குதிரை அவள் பையிலிருந்த பிரெஞ்சு அகராதியை எடுத்துப் பாதிவரை தின்றது. பொழுது சாயும்போது அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து, குதிரையை அவிழ்த்து, அக்காவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பும் பஸ்ஸில் அக்காவின் முகம் வெயிலில் கன்றிப்போய், ஆனால் திருப்தியாக இருந்தது.

விண்ணப்பங்கள் போய்க்கொண்டே இருந்தன. இல்லை என்ற பதில்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த மறுப்பையும் அவள் ரசிப்பாள். வேண்டாம் என்பதையே எத்தனை மரியாதையாகச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குப் படித்துக் காட்டுவாள். ஆனால் ஊரில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. பொங்கலுக்குப் போனாலும் மாப்பிள்ளைப் பேச்சு, தீபாவளிக்குப் போனாலும் மாப்பிள்ளைப் பேச்சு. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது, வருகிற தை மாதம் முடித்துவிட வேண்டும் என்று அவள் அப்பா சொல்லியனுப்பிய வாரத்தில், டெல்லியில் நேர்முகத்தேர்வுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

அக்கா அதற்குத் தயாரானதைப் போல நான் எந்தக் கலெக்டர் பரீட்சைக்காரரும் தயாராகிப் பார்த்ததில்லை. சர்வதேசச் சட்டம், ஒப்பந்தங்கள், எந்த நாட்டை யார் எப்போது பிரித்தார்கள், எல்லாம் தலைகீழ்ப் பாடம். ரயிலேற்றிவிட்டு வந்தோம். திரும்பி வந்தவள் பெட்டியை வைத்துவிட்டுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டாள். நான் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கேள்வி கேட்டவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மாள்தான் அதிகம் கேட்டாராம். கிணற்றில் சேறு கலந்து வந்தால் எந்தப் பம்ப் போடுவாய், ஜெனரேட்டரில் வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரை எப்படிக் காப்பாற்றுவாய், ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு ஒரே போர்வெல் என்றால் குழாய்களை எங்கெங்கே வைப்பாய் என்று தோண்டித் தோண்டிக் கேட்டாராம்.

"உலக சமாதானத்தப் பத்தி ஒரு கேள்விகூட கேக்கலீங்க அம்மணி. எல்லாம் மோட்டார் காயில் கருகறதப் பத்தித்தான்" என்றாள். தலையணைக்குள்ளிருந்து வந்த குரல் அழுகையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் வேலை கிடைத்துவிட்டது என்று தகவல் வந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு. பல வருடம் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டங்கள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. காட்டுக்குள் ஓடியிருந்த ஜனங்கள் திரும்பி வந்து தங்கும் முகாமுக்குத் தண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு வருட ஒப்பந்தம். ஹாஸ்டலே குதித்தது. மணியக்கா மனத்தாங்கலை மறந்து உண்மையாகவே போண்டா போட்டார். அக்கா மட்டும் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை உடுமலையிலிருந்து வந்தார். வேட்டி சட்டையில் ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. பார்வையாளர் கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். துணைக்கு இரு என்று அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அப்பாவின் கவலையை அப்பாவுக்கு முன்பே தானே எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்றெல்லாம் என்னிடம் ஒத்திகை பார்த்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அங்க குண்டு போடுவாங்களா கண்ணு?"

"இப்ப நிறுத்திப்போட்டாங்கப்பா."

"மறுபடி ஆரம்பிச்சா?"

அக்கா நினைத்திருந்தால் பொய் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு "தெரியலீங்ப்பா" என்றாள்.

அடுத்து அவர் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, அந்த ஊரில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று. அக்கா சொன்னாள். மண் எப்படி என்று கேட்டார். அதையும் சொன்னாள். இப்போது அந்த ஜனங்கள் தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். குட்டையில் மொண்டு குடிக்கிறார்கள், பிள்ளைகள் வாந்திபேதியில் சாகின்றன என்றாள்.

"சண்டைய வெலக்க உன்னைக் கூப்புடறாங்கன்னா நான் உட மாட்டேன். அதுக்கு ஆம்பளைங்க அத்தனை பேர் இருக்கறாங்க. தண்ணி எடுத்துக் குடுக்கக் கூப்புடறாங்கன்னா, வேண்டாம்னு எந்த வாயில சொல்றது?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போயிட்டு வா. அங்க எலெக்ட்ரிசியன் பேச்சக் கேக்காதே. மோட்டார் ஸ்டார்ட்டர நீயே பாத்துக்க."

வாசல்வரை போனவரின் கண்கள் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அக்கா பார்க்கவில்லை, அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் கழித்து விடுமுறையில் வந்தாள். கறுத்து, இளைத்து, முடியைக் கத்தரித்துக்கொண்டு வந்திருந்தாள். ஹாஸ்டல் கூடத்தில் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். துப்பாக்கி, தலைவர்கள், பேச்சுவார்த்தை என்று அவள் அவிழ்த்துவிடப் போவதைக் கேட்கத் தயாராக இருந்தோம். அவளோ ஊர்க் கதை கேட்டாள், யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று கேட்டாள். பிறகு நாங்கள் நச்சரித்ததால் ஒன்றே ஒன்று சொன்னாள்.

முகாமில் இரண்டு கூட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். ஒருத்தியின் அண்ணனை இன்னொருத்தியின் புருஷன் கொன்றிருப்பான், அப்படிப்பட்ட பகை. அதனால் அக்கா தண்ணீர்க் குழாய்களைக் கூட்டத்துக்கு ஒன்றாகக் கிழக்கிலும் மேற்கிலும் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். ஒருநாள் மேற்குப் பக்கத்து மோட்டார் நின்றுவிட்டது. அவள் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பக்கத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு கிழக்கு வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். காவலுக்கு இருந்த நீலத்தொப்பிச் சிப்பாய்கள் விறைத்து நின்றார்கள். அவர்களில் முதல் பெண்ணின் முறை வந்தது. குடம் நிறைந்தது. தூக்கித் தலையில் வைக்க அவளால் முடியவில்லை, நிறைமாதக் கர்ப்பிணி. அவளுக்கு முன்பே தண்ணீர் பிடித்துவிட்டு நின்ற எதிர்க் கூட்டத்துக் கிழவி ஒருத்தி குடத்தின் அடியில் கை கொடுத்து ஏற்றிவிட்டாள்.

"நீங்க என்னக்கா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலீங்க அம்மணி. ஸ்பேனரப் புடிச்சுட்டுக் கம்முனு நின்னேன்" என்றாள்.

மோட்டாரைச் சரிசெய்ய அன்றைக்கு வேண்டுமென்றே சாயங்காலம்வரை இழுத்தாளாம். அதைச் சொல்லும்போதுதான் எங்கள் பழைய சமாதானக்காவின் சிரிப்பு வந்தது.

ஒப்பந்தம் நீண்டது. அந்த நாட்டிலிருந்து இன்னொரு நாடு, அங்கிருந்து மற்றொன்று. கல்யாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது, எங்கோ ஒரு முகாமில் லாரிகள் பராமரித்த ஒரு கேரளத்துக்காரரோடு. உடுமலைத் தோப்பில் விருந்து வைத்தார்கள். அவள் அப்பா பந்தியில் நின்று எனக்கு இரண்டாம் தடவை பாயசம் ஊற்றிக்கொண்டே, மகள் போட்ட போர்வெல்களின் ஆழத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

இன்றைக்கும் உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் சண்டை நின்றுவிட்டது என்று டிவியில் செய்தி சொன்னால், என் வீட்டுக்காரர் சேனலை மாற்றப் பார்ப்பார். கொஞ்சம் இருங்க, ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொள்கிறேன் என்பேன். அக்கா இந்நேரம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள்.